துவைத்த தண்ணீர் எங்கே போகும்?



அந்தமானில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களுக்கு மழைக்காலத்தின் பெரும் பாரம் துணி துவைப்பதே. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதத்தில் தொடங்கும் மழை, இரண்டு பருவக்காற்றுகளின் காலத்தையும் கடந்து டிசம்பர் மட்டும் நீடிக்கிறது. டெய்ரி ஃபார்ம் பகுதியில் வசிக்கும் சகோதரிகள் வீட்டின் பின்புறத்துத் துவைகல்லில் நனைந்துகொண்டே துவைத்த காலம் மெல்ல மறைந்து, பல வீடுகளில் வாஷிங் மெஷின் வந்துவிட்டது. வந்த மெஷினை வைக்க இடமில்லாமல் குளியலறைக்குள்ளேயே வைத்து, ஈரத்தரையில் நின்று சுவிட்சைப் போடுகிறவர்களும் உண்டு. இது உயிருக்கு ஆபத்து. ஆகையால் குளியலறையை ஒட்டி நான்கடிக்கு ஐந்தடி அளவிலாவது ஒரு துவைக்கும் அறை கட்டிக்கொள்ள விரும்புவது நியாயமான விருப்பமே.

இந்த விருப்பத்தோடு கொத்தனாரை அழைக்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கம்பெனி மெஷின் நல்லது என்பது. இரண்டாவது, குழாயை எந்தப் பக்கம் கொண்டுவருவது என்பது. துவைத்த தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. குளியலறை பக்கத்திலேயே இருக்கிறதே, அதன் வழியாய்ப் போய்விடும் என்று இருந்துவிடுகிறார்கள். வேலை முடிந்து, டைல்ஸ் ஒட்டி, மெஷினை முதன்முதலாக ஓட்டும் அன்றைக்குத்தான் குளியலறைத் தரையின் ஓட்டை வழியாக நுரை பொங்கி மேலே வருகிறது. டைல்ஸை உடைத்துத் திரும்பவும் குழாய் பதிக்க, முதலில் செலவழித்ததில் பாதியாவது மறுபடியும் ஆகும். அந்தப் பணம் அநேக வீடுகளில் ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம்.

முதலாவது செப்டிக் டேங்க். நகரத்தின் பெரும்பாலான வீடுகளில் கழிப்பறைக் கழிவுக்கு இதுவே போக்கிடம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒன்றரை மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீர் ஆழமும் உள்ள தொட்டி போதும் என்பது பொதுவான கணக்கு. அதாவது சுமார் 1100 லிட்டர். அந்தத் தொட்டிக்குள் நடப்பது ஓர் அமைதியான வேலை. கழிவு ஒரு நாளோ அதற்கு மேலோ அசையாமல் தங்கவேண்டும். கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்கும், நடுவிலுள்ள ஓரளவு தெளிந்த நீர் மட்டுமே வெளியேறும். இப்பொழுது மேலே மூடி திறக்கும் ஆட்டோமேட்டிக் மெஷின் ஒன்றை அதனோடு இணையுங்கள். ஒரு முறை துவைத்து அலசி முடிக்க அது 100 முதல் 150 லிட்டர் தண்ணீர் எடுக்கும். இரண்டு முறை ஓட்டினால், ஒரே காலையில் தொட்டியின் கொள்ளளவில் கால்பங்கு வேகமாய் உள்ளே பாய்கிறது. படிந்தது கலங்குகிறது, மிதந்தது உடைகிறது, கலங்கிய கழிவு உறிஞ்சுகுழிக்கோ சாக்கடைக்கோ தள்ளப்படுகிறது. உறிஞ்சுகுழியின் துளைகள் அடைபட்டுப் போனால் அதைச் சரிசெய்வது எளிதல்ல.

சோப்புத்தூள் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சாதாரண அளவு சோப்புத்தூளால் அவை முற்றிலும் அழிந்துபோவதில்லை. பிளீச்சிங் பவுடரைத் தாராளமாய்ப் போடுகிறவர்கள் வேண்டுமானால் அதைக்குறித்துப் பயப்படலாம். தண்ணீரின் அளவும் அது வந்து பாயும் வேகமுமே இங்கே பெரிய கேடு. ஒரே காம்பவுண்டில் மூன்று நான்கு வாடகைக் குடும்பங்கள் ஒரு தொட்டியைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இது வீட்டுப் பிரச்சினையாக நிற்பதில்லை. உங்கள் மெஷின் ஓடும்போது கீழ்வீட்டுக்காரரின் கழிப்பறையில் தண்ணீர் ஏறி நிற்கும். வாய்விட்டுப் பேசாத சண்டைகள் அநேகம் இப்படித்தான் ஆரம்பமாகின்றன.

எனவே கழிப்பறைக் குழாய் வேறு, குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் போகும் குழாய் வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். துவைத்த தண்ணீரின் குழாய் வீட்டுக்கு வெளியே, மூடியுள்ள ஒரு கல்லி டிராப்பில் வந்து விழட்டும். அங்கிருந்து அடுத்து எங்கே என்பதை இடத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கமுடியும். வீதியில் நகராட்சி வடிகால் இருந்தால், அதில் விடலாமா, எவ்விதமாய் விடவேண்டும் என்று நகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பின்புறத்தில் வாழையும் தென்னையும் நிற்கும் வீடுகளில், ஒரு சிறிய சல்லடைத் தொட்டி வைத்து, அலசிய தண்ணீரை அவற்றுக்குப் பாய்ச்சலாம். ஒரே மரத்தின் அடியில் தினந்தோறும் விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள்.

உறிஞ்சுகுழியைக் குறித்து ஓர் எச்சரிப்பு. தமிழ்நாட்டில் நம் சொந்த ஊர்களில் மணற்பாங்கான நிலத்தில் குழி தோண்டி ஜல்லி நிரப்பினால் போதும், எவ்வளவு தண்ணீரையும் குடித்துவிடும். அந்த நினைவோடே இங்கும் தோண்டுகிறார்கள். இந்த ஊரோ மேடும் பள்ளமுமானது. களிமண் கலந்த சரிவுகளில் மண் மழைக்காலம் முழுவதும் ஊறியே இருக்கும். ஏற்கெனவே நிறைந்திருக்கிற மண் உங்கள் துவைத்த தண்ணீரை எப்படி வாங்கும்? அதிலும் சரிவின் விளிம்பில், கீழ்வீட்டின் தடுப்புச்சுவருக்கு மேலே குழி எடுத்தால், ஊறிய மண்ணின் பாரம் முழுவதும் அந்தச் சுவரைத் தள்ளும். வீடு கட்டுகிறவன் தன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு பிரமாணம் உண்டு. கட்டுகிறவனுடைய பொறுப்பு தன் வாசலோடு முடிவதில்லை என்பதற்கு வேதத்திலேயே இருக்கும் கட்டிடச் சட்டம் அது. கீழ்வீட்டுச் சுவரும் அந்தக் கணக்கில் சேரும்.

இனி அறைக்குள் வருவோம். குளியலறையும் துவைக்கும் அறையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்வதில் பெரும் நன்மை இருக்கிறது. குழாயின் நீளம் குறைகிறது, வளைவுகள் குறைகின்றன, செலவும் குறைகிறது. பிளம்பர் இந்த நன்மையைச் சற்று அதிகமாகவே எடுத்துக்கொண்டு, மெஷினின் கழிவுக்குழாயைக் குளியலறைத் தரையிலுள்ள நஹானி டிராப்பிலேயே சேர்த்துவிடுவார். இதற்குத்தான் சம்மதிக்கக் கூடாது.

அந்த டிராப் எதற்காக இருக்கிறது என்பதை அறிந்தால் காரணம் விளங்கும். தரை ஓட்டைக்குக் கீழே வளைந்திருக்கும் அந்தப் பகுதியில் எப்பொழுதும் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்காவது தண்ணீர் தேங்கி நிற்கவேண்டும். சாக்கடையின் துர்நாற்றமும் கரப்பான்பூச்சியும் வீட்டுக்குள் வராதபடி தடுக்கும் கதவு அந்தத் தண்ணீரே. மெஷின் கழிவை வெளியேற்றும்போது குறுகிய குழாய் முழுவதும் நிரம்பி ஓடுகிறது. அப்படி ஓடும் தண்ணீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். காற்று கிடைக்காவிட்டால் பக்கத்து டிராப்பில் நிற்கும் தண்ணீரையே உறிஞ்சிக்கொண்டு போய்விடும். மெஷின் ஓடும்போது குளியலறையில் குளுகுளுவென்று சத்தம் கேட்கிறதென்றால் அந்தக் கதவு திறந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பினாயிலை எவ்வளவு ஊற்றினாலும் அந்த நாற்றம் போகாது.

ஆகவே துவைக்கும் அறைக்கென்று தனி டிராப் வையுங்கள். அதிலிருந்து 75 மில்லிமீட்டர் குழாய் தனியாக வெளியே போய்க் கல்லி டிராப்பில் சேரட்டும். குளியலறைக் குழாயோடு இணைத்தே தீரவேண்டிய நிலை இருந்தால், வீட்டுக்கு வெளியே, இரண்டு டிராப்புகளையும் தாண்டிய பிறகு இணைத்து, அவ்விடத்திலிருந்து கூரைக்கு மேலே ஒரு காற்றுக்குழாய் ஏற்றுங்கள். குழாயின் சாய்வு 40 அடி நீளத்துக்கு ஓர் அடி என்ற விகிதத்தில் இருப்பது நல்லது. மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர். சமமாய்ப் போட்டால் துணிநூலும் சோப்புப் பசையும் நடுவழியில் தங்கிவிடும். நேர் வளைவுகளுக்குப் பதிலாக 45 பாகை வளைவுகள் இரண்டைப் போடச் சொல்லுங்கள். ஒரு திருப்பத்திலாவது திறந்து சுத்தம் செய்யும் மூடி இருக்கட்டும்.

மெஷினின் கழிவுக்குழாயை எந்த உயரத்தில் வைப்பது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். இதை அறியாமல் சுவரில் ஓட்டை போட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். முன்பக்கம் கதவு திறக்கும் மெஷின்கள் பம்பினால் தண்ணீரை மேலே தள்ளும். அவற்றின் குழாய்முனை தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில், நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய்க்குள் தொங்கவேண்டும். தரையிலேயே போட்டுவிட்டால் உள்ளே நிரம்பும் தண்ணீர் நிரம்ப நிரம்பத் தானாகவே வெளியே ஓடிக்கொண்டிருக்கும். மெஷின் ஓயாமல் தண்ணீர் எடுக்கும், துவைக்காது. செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களிலும், மேலே திறக்கும் மெஷின்கள் பலவற்றிலும் பம்பு கிடையாது. தண்ணீர் தன் பாரத்தால் இறங்குகிறது. அவற்றின் குழாயை உயர்த்திக் கட்டினால் ஒரு சொட்டும் வெளியேறாது. ஆகையால் மெஷினை வாங்கி, அதன் கையேட்டைப் படித்து, பிறகு சுவரைத் தொடுங்கள். நிமிர்ந்த குழாய்க்குள் மெஷினின் குழாயைச் சொருகும்போது சுற்றிலும் இடைவெளி விடுங்கள். துணி சுற்றியோ டேப் ஒட்டியோ அடைத்துவிட்டால், சாக்கடை நிரம்பும் நாளில் அழுக்கு நீர் மெஷினுக்குள்ளேயே திரும்பி வரும்.

தண்ணீர் வரும் வழிக்கு வருவோம். நகரத்துக்குத் தண்ணீர் தரும் தனிக்காரி அணை 1973-இல் கட்டப்பட்டது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள வறண்ட மாதங்களில் நாள் இடைவெளி விட்டுக் குழாயில் தண்ணீர் விடுவதும், லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பதும் இந்த ஊர் நன்றாய் அறிந்த காரியங்கள். எனவே மெஷின் நேரடியாக நகராட்சிக் குழாயை நம்பியிருக்கமுடியாது. கீழ்த்தொட்டியும் மேல்தொட்டியும் வேண்டும். இங்கேதான் அழுத்தம் என்ற சங்கதி வருகிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். ஒரே தளமுள்ள வீட்டின் கூரைமேல் ஒரு மீட்டர் மேடையில் தொட்டி இருந்தால், மெஷினின் வாய்க்கும் தொட்டிக்கும் உள்ள உயரம் மூன்று மீட்டர்தான்; அழுத்தம் 0.3 பார். முன்பக்கம் திறக்கும் மெஷின்களில் சில இதை ஏற்றுக்கொள்ளும். ஒரு பார் கேட்கிற மாதிரிகளும் உண்டு. கடையில் விலையை விசாரிக்கும்போதே இந்த எண்ணையும் விசாரியுங்கள்.

அழுத்தம் குறைவாய் இருந்தால் தொட்டியிலிருந்து 20 மில்லிமீட்டர் குழாயைக் குறைக்காமல் மெஷின் அருகில் வரைக்கும் கொண்டுவாருங்கள். அரை அங்குலக் குழாயில் ஆறேழு எல்போ போட்டால் இருக்கும் கொஞ்ச அழுத்தமும் வழியிலேயே செலவாகிவிடும். தொட்டிக்கும் மெஷினுக்கும் நடுவில் சிறிய பிரஷர் பம்பு வைப்பது மற்றொரு வழி. தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பதை மட்டும் செய்யாதிருங்கள். சரிவின் மேலே குடியிருப்பவருக்குச் சேரவேண்டிய தண்ணீர் உங்கள் வீட்டுக்கு வரும்; குழாயில் எங்கேனும் விரிசல் இருந்தால் சாக்கடை நீரும் அதனோடு இழுக்கப்பட்டு எல்லோருடைய குடத்திலும் கலக்கும்.

வாரத்துக்கு நான்கு முறை துவைக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே திறக்கும் மெஷினுக்கு ஒரு முறைக்கு 120 லிட்டர் என்றால் வாரம் 480 லிட்டர். முன்பக்கம் திறப்பது 60 லிட்டரில் முடித்தால் 240. கோடையில் அந்த வித்தியாசம் சிறியதல்ல. ஆனாலும் என் எண்ணம் வேறு. நம் ஊரில் பலரும் இளப்பமாய்ப் பார்க்கிற செமி ஆட்டோமேட்டிக் மெஷினே இந்தத் தீவின் வறண்ட மாதங்களுக்குப் பொருத்தமானது. பாதியில் தண்ணீர் நின்றால் வாளியால் ஊற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளின் பள்ளிச்சீருடையைத் துவைத்த அதே சோப்புத் தண்ணீரில் கால்மிதியையும் துவைக்கலாம். கடைசியாய் அலசிய நீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றலாம். தானியங்கி மெஷினோ தண்ணீர் வரும்வரை துணிகளை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு நிற்கும். தனியாய் வேலைக்குப் போய்வரும் பெண்கள், முதுகுவலி உள்ள தாய்மார்கள் ஆகியோருக்கு இந்த யோசனை உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மழைத்தண்ணீரை மறந்துவிடாதீர்கள். 50 சதுர மீட்டர் தகரக் கூரையின்மேல் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓராயிரம் லிட்டர்; இந்த ஊரில் அது ஒரு மாலைப்பொழுதின் மழை. மழைநீர் மென்மையானது, சோப்பு நன்றாய் நுரைக்கும், குறைவாகவே போதும். மேலே திறக்கும் மெஷின் வைத்திருக்கிறவர்களும் மே முதல் டிசம்பர் வரை குழாய்த் தண்ணீரைத் தொடாமல் துவைத்துவிடலாம். முதல் சில நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். இலைச்சருகு, பறவை எச்சம், துரு, கடற்காற்றின் உப்பு எல்லாம் அதில் இருக்கும். மழைநீர்த் தொட்டிக்குத் தனிக்குழாய் போடுங்கள். அதைக் குடிதண்ணீர்க் குழாயோடு வால்வு வைத்துக்கூட இணைக்கவேண்டாம். என்றாவது ஒருநாள் யாரோ ஒருவர் வால்வைத் திறந்துவைத்து மறந்துபோவார். ஏறாத தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றுவதைவிட, மெஷின் பக்கத்திலேயே மேடையில் ஒரு பீப்பாய் வைத்து, கொசு புகாதபடி வலைகட்டி மூடினால் செமி ஆட்டோமேட்டிக்குக்கு அதுவே போதும்.

உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது. ஜி.ஐ. குழாயும் இரும்புக் கிளாம்பும் வேண்டாம். பிளாஸ்டிக் குழாய் போட்டு, வெயில்படும் இடத்தில் அதற்கு வண்ணம் பூசுங்கள். குழாய்முனை பித்தளையாய் இருக்கட்டும். உதிரிப்பாகங்கள் வங்கக்கடலைக் கடந்து 1000 கிலோமீட்டருக்கு மேல் கப்பலில் வரவேண்டியவை. ஆகையால் எங்கும் கிடைக்கிற அளவுகளையே தெரிந்துகொள்ளுங்கள், வாஷர் நான்கும் உள்வரும் குழாய் ஒன்றும் கூடுதலாய் வாங்கி வையுங்கள்.

பழைய வீட்டோடு புதிய அறையைச் சேர்க்கும்போது இன்னொன்று. புது அஸ்திவாரம் பழையதைப்போல நிற்பதில்லை, சிறிது இறங்கும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி இந்தத் தீவுகளின் நிலமே அசைந்ததையும், தென் அந்தமானின் தாழ்ந்த இடங்களில் கடல்நீர் ஏறித் தங்கியதையும் நாம் மறக்கவில்லை. இரு சுவர்களும் சந்திக்கும் இடத்தில் குழாயைச் சிமெண்டால் இறுக்கிப் பூசினால், நிலம் அரை அங்குலம் அசைந்தாலும் குழாய் அவ்விடத்திலேயே உடையும். உடைந்தது சுவருக்குள் இருப்பதால் மாதக்கணக்கில் தெரியாது. பெரிய குழாய்த்துண்டு ஒன்றைச் சுவரில் பதித்து, அதற்குள்ளாகத் தண்ணீர்க்குழாயை நுழைத்து, இடைவெளியை மென்மையான பூச்சால் அடைத்தால் போதும். பழைய மர வீடுகளில் இருக்கிறவர்கள் மெஷினைப் பலகைத்தரையில் வைக்கவேண்டாம். அதிர்விலும் ஈரத்திலும் பலகை கெடும். நிலத்தோடு சேர்ந்த கான்கிரீட் தளமே அதற்கு ஏற்றது.

தரையைக் குளியலறையைப்போலவே நீர்க்கசியாப் பூச்சு போட்டு, டிராப்பை நோக்கி மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சாய்த்து, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு ஓட்டையை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். வாசலில் சிறு மேடு இருக்கட்டும். மின் இணைப்புக்கு எர்த் ஒயரும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுத் துண்டிப்பானும் இல்லாமல் மெஷினை ஓட்டவே கூடாது. பிளக் பாயிண்ட் குழாயிலிருந்து விலகி, இடுப்புக்கு மேலே இருக்கவேண்டும்.

விடுமுறைக்குச் சொந்த ஊருக்குக் கப்பல் ஏறும் குடும்பங்கள், மெஷினின் குழாயைப் பூட்டிவிட்டுப் புறப்படுங்கள். ஆளில்லாத வீட்டில் ரப்பர் குழாய் வெடித்தால் மேல்தொட்டி முழுவதும் தரையில் இறங்கும். இரண்டு மாதம் பூட்டிக்கிடக்கும் வீட்டில் டிராப்பின் தண்ணீர் வற்றி நாற்றமும் பூச்சியும் ஏறிவரும். புறப்படும் நாளில் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெயை விடுங்கள். எண்ணெய் ஏடு தண்ணீரை வற்றவிடாது.

சுவரைப் பூசி மூடுமுன், அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்து எல்லாக் குழாய்களையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால், வேலையைத் தொடங்குமுன் வீட்டுக்காரரின் சம்மதத்தையும், செலவில் எவ்வளவு வாடகையில் கழியும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். காலிசெய்யும் நாளில் அந்தப் படங்களை அவருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்து வருகிறவர் ஆணி அடிக்கும்போது அவை வேண்டியிருக்கும்.